பால் மாவுக்குக் கறுப்பு கவர்

என் மகன் பிறந்து பதினெட்டு நாள் ஆகிறது. மார்பைப் பற்றிக் குடிக்க அவனுக்கு இன்னும் வரவில்லை. பிறந்த எடையிலிருந்து இருநூறு கிராம் குறைந்துவிட்டான்.

தாய்ப்பாலோடு பால் மாவும் கொடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் எழுதித் தந்த சீட்டோடு, இன்று மேற்கு மாம்பலத்தில் ஒரு மருந்துக் கடைக்குப் போனேன்.

பிரஷர் மாத்திரை வாங்க நின்றிருந்த பெரியவர் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"பவுடர் எதுக்கும்மா? தாய்ப்பால் மாதிரி வருமா?"

"அதுவும் குடுக்கறேன் சார். அவனுக்குக் குடிக்க வரல."

"எங்க வீட்ல மூணு பசங்க. ஒரு டப்பா வாங்கினதில்ல."

"அப்படியா! மூணு பேருக்கும் நீங்களா சார் குடுத்தீங்க?"

அவர் மாத்திரை அட்டையைத் தீவிரமாகப் படிக்க ஆரம்பித்தார்.

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு டப்பாவைப் பேப்பரில் சுற்றி, நாப்கினுக்குப் போடும் கறுப்பு கவரில் போட்டார்.

"இதுக்கு எதுக்குங்க கறுப்பு கவர்?"

"நாலு பேர் பாப்பாங்கல்ல மேடம்."

நாற்பத்திரண்டு வயதில் பிள்ளை பெற்றதையே நாலு பேர் பார்த்தாயிற்று. ஆனாலும் என் கை அந்தக் கவரை வாங்கி அவசரமாகப் பைக்குள் திணிக்கத்தான் போனது. கோபம் என் மேல்தான் வந்தது. கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டப்பாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்தேன்.

வந்ததும் முப்பது மில்லி கலந்து கொடுத்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. ஏப்பம் விட்டுவிட்டுத் தூங்குகிறான்.

பூண்டு சாப்பிடு, சுறாப் புட்டு சாப்பிடு என்று சொல்லத் துடிப்பவர்கள் தாராளமாக வீட்டுக்கு வரலாம். பாட்டில்கள் கழுவாமல் கிடக்கின்றன. கழுவிக்கொண்டே சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.