பின்னால் படுத்திருப்பவர்

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு மார்க் போடுவது என் பிழைப்பு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எங்கள் கம்பெனி டிரைவர் ஒவ்வொருவரின் பக்கத்திலும் ஏறி உட்கார்வேன். கண்ணாடி பார்க்கிறாரா, முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி விடுகிறாரா, எத்தனை நிமிஷத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்கிறார் என்று ஃபாரத்தில் ஒவ்வொன்றாக டிக் அடிப்பேன். சும்மா டிக் என்று நினைத்துவிடாதீர்கள். தேறாதவரைத் தேற்றிவிட்டால் முகம் தெரியாத யாரோ ஒருவரின் உயிருக்கு உலை. தேறியவரைக் கவிழ்த்துவிட்டால் ஒரு வீட்டின் மானம் போச்சு. பெங்களூர் சிக்னலில் முதுகுக்குப் பின்னால் சைரன் அலற, ஒதுங்க அரை அடி இடமில்லாமல் நின்று தவித்திருப்பீர்களே, உங்களிடம்தான் இதையெல்லாம் சொல்ல முடியும்.

காலி வண்டி

சந்தாபுராவிலிருந்து வேலைக்குச் சேர்ந்த புது டிரைவர் ஒருவருக்கு டெஸ்ட். டெஸ்ட் ஓட்டத்தில் பின்னால் நோயாளி இருக்கமாட்டார். அதனால் சைரன் போடக்கூடாது என்பது விதி. சிக்னலில் ஐந்து நிமிஷம் நின்ற எரிச்சலில் அவர் சைரனை அழுத்திவிட்டார். எனக்கும் ஆபீசுக்குத் திரும்ப நேரமாகியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் தடுக்கவில்லை.

எங்களுக்கு வழிவிட ஒரு ஆட்டோ நடைபாதை மேலேயே ஏறியது. ஏறும்போது அடிப்பாகம் கல்லில் உரசிய சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. அடுத்த சிக்னலில் அதே ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றது. ஆட்டோக்காரர் இறங்கிப் பின்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் தேவலை. என் பக்கம் வந்து மெதுவாகத்தான் கேட்டார்: "உள்ள யாருமே இல்லியே சார்? அடுத்த தபா சைரன் கேட்டா நான் ஒதுங்கணுமா வாணாமா, அத்த மட்டும் சொல்லிட்டுப் போங்க."

ஸ்டெல்லாவின் கேள்வி

எங்கள் டிரைவர்களில் முதல் மார்க் எப்போதும் செல்வராஜுக்குத்தான். ஸ்ரீராம்புரத்துக்காரர், இருபது வருஷ சர்வீஸ். ஒரு கீறல் கிடையாது, ஒரு புகார் கிடையாது. அவர் தெருவில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான். மற்றவர்கள் பதினைந்து நிமிஷம் எடுக்கிற பாதையைப் பதினொன்றில் முடிப்பார். ஐந்து தடவை நான் அவருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டிருக்கிறேன்.

அந்த வண்டியில் பின்னால் நோயாளியோடு போகிற நர்ஸ் ஸ்டெல்லா, லிங்கராஜபுரத்துப் பெண். அதிகம் பேசமாட்டார். ஆறாவது தடவை நான் முன்சீட்டில் ஏறப்போனபோது ஸ்டெல்லா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் முதுகெலும்பு முறிந்த ஒருவரைக் கொண்டு போனார்களாம். ரோட்டில் வேகத்தடை, அந்த ஹம்ப் வரும்போதெல்லாம் அவர் போட்ட கூச்சல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை என்றார். "செல்வராஜ் அண்ணன் நல்ல மனுஷன் சார், அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு கூசுது. ஆனா நீங்க முன்னாடி உக்காந்துதான மார்க் போடறீங்க, பேஷன்ட் எங்க சார் இருக்கார்?"

பதினொரு நிமிஷம்

அன்று ஸ்ட்ரெச்சரில் நானே படுத்தேன். ஸ்டெல்லா பெல்ட்டைப் போட்டு இறுக்கினார். முன்சீட்டில் இருப்பவனுக்கு ஹம்ப் கண்ணுக்குத் தெரியும், கையை ஊன்றிக்கொள்வான். படுத்திருப்பவனுக்குக் கூரை மட்டும்தான் தெரியும். அடுத்த அடி எப்போது, எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாது. ஒவ்வொரு பிரேக்குக்கும் ரத்தமெல்லாம் மண்டைக்கு ஏறியது. ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பு பெல்ட்டோடு ஒரு பக்கமாக இழுத்தது. எலும்பு முறியாத எனக்கே ஆண்டவனைக் கூப்பிடத் தோன்றியது. ஐந்து தடவை தொண்ணூற்றெட்டு போட்ட கை என்னுடையது.

அன்றைக்கு அவரை ஃபெயில் செய்தேன். எங்கள் கம்பெனியில் ஃபெயிலானவரை வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். மூன்று மாதம் பாடி வண்டிக்கு, அதாவது இறந்தவர்களை எடுத்துப் போகிற வண்டிக்கு மாற்றுவார்கள். அப்புறம் மறு டெஸ்ட். ஆம்புலன்ஸ் ஓட்டினவருக்கு அதைவிட அவமானம் வேறில்லை. செல்வராஜ் ஃபாரத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. "இருவது வருஷத்துல ஒருத்தரயாச்சும் லேட்டா கொண்ணாந்து சேத்துருக்கனா சார்? எங்க தெருவுல கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

மறு டெஸ்ட்

மூன்று மாதம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேன்டீனில் நான் நுழைந்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார். தப்பு செய்துவிட்டோமோ என்று எனக்குப் பல நாள் சாப்பாடு இறங்கவில்லை. இதற்கிடையில் ஆபீசில் போராடி, ஒருவரைப் பின்னால் படுக்கவைத்துத்தான் டெஸ்ட் என்று மாற்றினேன். வேறு யாரும் முன்வராததால் படுக்கிற ஆளும் நானே.

அதே வண்டி, அதே பாதை. பெல்ட் போட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டேன். வண்டி கிளம்பியது. முதல் ஹம்ப் எப்போது வரும் என்று காத்திருந்தேன். பக்கத்தில் ஸ்டெல்லா எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கம்பியைப் பிடிக்கவே இல்லை. "ஹம்ப் இன்னும் வரலையா?" என்று கேட்டேன். "நாலு தாண்டியாச்சு சார்" என்றார். பதிமூன்று நிமிஷம் ஆனது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, இந்த மாற்றம் எப்படி என்று கேட்டேன். செல்வராஜ் என்னைப் பார்க்காமல் சொன்னார். பாடி வண்டியில் முதல் வாரம். உள்ளே இறந்துபோன ஒருவர், பக்கத்தில் தரையில் அவர் மனைவி. இனி அவசரம் யாருக்கு, ஆனாலும் கால் பழகிய வேகத்தில்தான் அழுத்தியது. ஒரு ஹம்ப்பில் தூக்கிப்போட்டதும் அந்த அம்மா டிரைவருக்குப் பின்னால் இருக்கிற தடுப்புக் கண்ணாடியைத் தட்டினாராம். இவர் வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தபோது அந்த அம்மா கணவரின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாராம். இதைச் சொல்லும்போதுதான் செல்வராஜ் என் முகத்தைப் பார்த்தார். "‘கொஞ்சம் மெல்லப் போப்பா, அவருக்கு வலிக்கும்’னுச்சு சார் அந்தம்மா."

செல்வராஜ் பாஸ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இத்தனை வருஷம் முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து மார்க் போட்ட எனக்கு எந்த வண்டியில் மூன்று மாதம் என்பதை மட்டும் இன்னும் யாரும் எழுதித் தரவில்லை.