ரத்தம் வராத காயம்

கொசு கடித்த இடம் போலத்தான் இருந்தது. இடது கை ஆள்காட்டி விரலின் நுனியில், ரேகைகளுக்கு நடுவே ஒரு சிறு புள்ளி. ரத்தம் இல்லை. எரிச்சல் இல்லை. கழற்றிய கையுறையைத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் அதே அளவில் ஒரு துளை. விரலைச் சுற்றிக் கொஞ்சம் சாம்பல் நிறப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. துடைத்ததும் போய்விட்டது.

மராத்தி பேசும் ஊரான சாகணில் இரும்புச் சட்டங்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில் நான் பெயிண்ட் பிரிவின் மேற்பார்வையாளர். பெயர் ரேவதி. கணவர் பாஸ்கர், ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் நிலாவுடன் பக்கத்து ஊரான நிக்டியில் இருக்கிறேன். இப்படி ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மீதியைப் பிறகு படிக்கலாம். முதலில் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

எங்கள் பிரிவில் ஏர்லெஸ் கன் வைத்துத்தான் முதல் பூச்சு அடிப்போம். காற்றைக் கலக்காமல், பெயிண்டை மட்டும் மிகுந்த அழுத்தத்தோடு ஊசிமுனை போன்ற துளை வழியாகப் பீய்ச்சும் கருவி அது. அன்று காலை துளை அடைத்துக்கொண்டது. பெயிண்டர் கணேஷ் என்னைக் கூப்பிட்டுக் கருவியைக் கையில் கொடுத்தார். பம்பை அணைத்தோம். சத்தம் நின்றது. நான் வலது கையில் கருவியைப் பிடித்துக்கொண்டு, இடது கைத் துணியால் முனையில் காய்ந்திருந்ததைத் துடைத்தேன். விசையின் மேல் உள்ளங்கை பட்டிருக்க வேண்டும். ‘டிக்’ என்று ஒரு சத்தம். நாக்கைச் சப்புக்கொட்டினால் வருமே, அந்த அளவுதான்.

பம்பு நின்றால் கருவியும் செத்துவிட்டது என்றுதான் அங்கே எல்லோரும் நம்பியிருந்தோம். ஆனால் குழாய்க்குள் அழுத்தம் அப்படியே இருந்தது. சத்தமில்லாமல், அசைவில்லாமல், யாராவது தொடுவதற்காகக் காத்திருந்தது.

தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருந்த கிளினிக் மருத்துவர் விரலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “குத்துக் காயம்தான். டிடி ஊசி போட்டுக்கோங்க. நாளைக்கு வேலைக்கு வரலாம்” என்றார். நான் திரும்பி வந்து மதியச் சாப்பாட்டையும் முடித்தேன். கணேஷ் ரொம்பவும் பயந்துபோயிருந்தார். “தாயி, நிஜமாவே ஒண்ணுமில்லையா?” என்று மராத்தியில் இரண்டு மூன்று தடவை கேட்டார். ‘தாயி’ என்றால் அக்கா. “ரத்தமே வரலையே” என்றேன். அந்தப் பதில் எனக்கே நிம்மதியாக இருந்தது.

கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது விரல் மடங்கவில்லை. வலியால் அல்ல, உள்ளே இடமே இல்லாதது போல ஒரு நிறைவு. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். மற்ற விரல்கள் சூடாக இருந்தன. அது மட்டும் குளிர்ந்திருந்தது. பக்கத்து சீட்டில் யாரோ தூங்கியபடி என் மேல் கை போட்டிருந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு விலகல். என் மடியில் என்னுடையது அல்லாத ஒன்று கிடந்தது.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினேன். பாஸ்கர் டீயை நீட்டும்போதே முகம் சுளித்தார்.

“என்ன, தின்னர் வாசனை வருது?”

“கைய கழுவிட்டேங்க.”

“இல்ல, உங்கிட்ட இருந்துதான் வருது.”

அவர் என் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். யாரும் அழுத்தவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புள்ளியிலிருந்து ஒரு சாம்பல் துளி தானாக எழுந்து நின்றது. ரத்தம் வர வேண்டிய இடத்தில் பெயிண்ட் வந்தது.

பாஸ்கர் என் கையை மெதுவாக இறக்கி விட்டார். பிறகு, “மோதிரத்தைக் கழட்டு. வண்டிச் சாவி எங்க?” என்றார்.

பெரிய மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கை அறுவை மருத்துவர் ஒரு பெண்மணி, மராத்திக்காரர். அவர் இந்தியில் பேசியதைத் தமிழில் தருகிறேன். வந்ததுமே அவர் கேட்டது, “எத்தனை மணிக்கு?” என்பதுதான். என்ன பெயிண்ட், என்ன கருவி என்று கேட்டுவிட்டு மறுபடியும், “மணி நிச்சயமா தெரியுமா?” என்றார்.

எக்ஸ்ரேயை விளக்குக்கு முன் பிடித்துக் காட்டினார். எலும்புகள் தெரிந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், எலும்பு இருக்கக்கூடாத இடத்தில், இன்னொரு வெள்ளைக் கோடு விரல் நுனியில் தொடங்கி வளைந்து வளைந்து உள்ளங்கை வரை போயிருந்தது. எங்கள் பெயிண்டில் துத்தநாகத் தூள் உண்டு. அது எக்ஸ்ரேயில் எலும்பைப் போலவே தெரியும். எனக்குள் யாரோ இன்னொரு விரலை வரையத் தொடங்கியது போல இருந்தது.

“ரத்தம் வரலைன்னு சந்தோஷப்பட்டீங்களா?” என்று மருத்துவர் கேட்டார்.

“ஆமாம்.”

“எல்லாரும் அப்படித்தான். இது குத்துக் காயம் இல்லை. ஹை பிரஷர் இன்ஜெக்ஷன் (உயர் அழுத்தத்தில் உடலுக்குள் பீய்ச்சப்படுதல்). டெண்டான் உறை (விரலை மடக்கும் நாணைச் சுற்றியுள்ள குழாய்) வழியா உள்ள போயிருக்கு. பெயிண்ட் சதையை அரிக்கும். வீக்கம் ரத்த ஓட்டத்தை நிறுத்தும். இப்பவே திறக்கணும்.”

கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசியைக் கழுத்தோரம் போட்டார்கள். நான் விழித்திருந்தேன். ஊசி வேலை செய்யத் தொடங்கியபோது என் இடது கை மார்பின் மேல் மடங்கிக் கிடப்பதாக உணர்ந்தேன். அதன் கனம்கூடத் தெரிந்தது. அப்போது நர்ஸ் என் முகத்துக்கு முன்னால் யாருடையதோ ஒரு கையைத் தூக்கிக்கொண்டு போனார். பழுப்பு மருந்து பூசிய கை. அதன் விரலில் மோதிரத் தடம். என்னுடையதுதான் என்று புரிந்த பிறகும், மார்பின் மேல் இருந்த கை போகவில்லை. அறுவை முடியும் வரை எனக்கு இரண்டு இடது கைகள் இருந்தன.

நடுவே கட்டியிருந்த திரைக்கு அப்பால் சுரண்டும் சத்தம் கேட்டது. அறை முழுவதும் எங்கள் பெயிண்ட் பிரிவின் வாசனை. “இன்னும் இருக்கு” என்று மருத்துவர் உதவியாளரிடம் சொன்னார். சற்றுப் பொறுத்து மறுபடியும், “இன்னும் இருக்கு.”

காயத்தைத் தைக்காமல் திறந்தே வைத்தார்கள். மீண்டும் உள்ளே பார்த்துச் சுத்தம் செய்வதற்காக. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் நான் சுவரைப் பார்ப்பேன், பாஸ்கர் விரலைப் பார்ப்பார். அவர் முகத்தை வைத்து நிலவரத்தைத் தெரிந்துகொள்வேன். ஒரு காலையில் அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அன்றுதான் நானே பார்த்தேன். நுனி கறுத்திருந்தது. கறுப்புக்கும் தோலுக்கும் நடுவே பேனாவால் போட்டது போல ஒரு தெளிவான கோடு.

“நெக்ரோசிஸ் (திசு இறந்துபோதல்)” என்றார் மருத்துவர். “கோடு கீழே இறங்குது. உள்ளங்கையில சீழ் பிடிச்சா கையையே காப்பாத்துறது கஷ்டம். விரலை எடுத்துடலாம்னு சொல்றேன்.”

“இன்னும் ஒரு நாள் பார்க்கலாமே, டாக்டர்” என்றார் பாஸ்கர்.

“பார்க்கலாம். அந்த ஒரு நாளும் விரலுக்கு இல்லை, தொற்றுக்குத்தான் கிடைக்கும்.”

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கறுத்த நுனியை வலது கையால் தொட்டேன். தொட்டது வலது கைக்குத் தெரிந்தது. இடது கைக்குத் தெரியவில்லை. மேசையைத் தொடுவது போல. அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

“எடுத்துடுங்க” என்றேன்.

பாஸ்கர் வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். “நீ சொன்னது சரிதான், ரேவதி. என்னால சொல்ல முடியல” என்றார்.

எடுத்த பிறகுதான் விரல் திரும்பி வந்தது. யாரும் இதை எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். இல்லாத விரல் இருக்கும். சிலருக்கு வலிக்குமாம். எனக்கு வலியைவிட அந்த நிறைவுதான். தோல் வெடிக்கும் அளவுக்கு உள்ளே யாரோ அடைத்து வைத்தது போல. வீட்டில் மிக்ஸி ஓடினால் அது விறைத்துக்கொள்ளும். பக்கத்துக் குடியிருப்பில் சுவரில் டிரில் போட்டால் மெல்ல மடங்கப் பார்க்கும். மடங்குவதற்கு ஒன்றுமே இல்லை என்று கண்ணால் பார்த்துக்கொண்டே அது மடங்க முடியாமல் தவிப்பதை உணர்வேன். பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்து, வெகு நாள் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள். இதற்குப் பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு.

பிசியோதெரபி அறையில் ஒரு கண்ணாடியை என் முன் நிறுத்தினார்கள். இடது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வலது கையின் பிம்பத்தை மட்டும் பார்க்க வேண்டும். “பேசாம பாருங்க. ரெண்டு கையையும் சேர்த்து மெதுவா மடக்குங்க” என்றார் பயிற்சியாளர். மடக்கினேன். இடது கை இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து விரல்களும் மடங்கின. அந்த விரலும் மடங்கியது. உள்ளே அடைத்திருந்தது எதுவோ தளர்ந்து இறங்கியது. விபத்துக்குப் பிறகு நான் முதல்முறையாக அழுதது அங்கேதான்.

வீட்டிலும் அதைச் செய்யச் சொன்னார்கள். சாப்பாட்டு மேசையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்காருவேன். நிலா ஒரு நாள் எதிரே வந்து உட்கார்ந்தாள். தமிழ் அவளுக்குத் தட்டித் தடுமாறித்தான் வரும்.

“அம்மா, அது உன் ரைட் ஹேண்ட்தான?”

“ஆமாண்டா.”

“உனக்குத் தெரியுது. ஆனா அந்த விரலுக்குத் தெரியாதா?”

“தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்.”

அவள் யோசித்தாள். “அப்போ அதுகிட்ட சொல்லாத” என்றாள். அதன் பிறகு நான் பயிற்சி செய்யும்போதெல்லாம் அந்த அறையில் அவள் குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினாள்.

மழைக்காலம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். இப்போது எங்கள் பிரிவில் பம்பை அணைத்ததும், கருவியைத் தொட்டிக்குள் திருப்பி விசையை அழுத்தி மீதியை வெளியேற்றுகிறோம். அழுத்தம் விடும் வால்வைத் திறக்கிறோம். விசையைப் பூட்டுகிறோம். அதன் பிறகே முனைக்குக் கை போகும். அப்போதும் விரல் துளைக்கு நேரே வராது. கணேஷ் புதியவர்களிடம் இதைச் சொல்லும்போது என் கையைக் காட்டுவதில்லை. நான்தான் காட்டுகிறேன்.

கிரீஸ் கன்னோ, ஹைட்ராலிக் குழாயோ, பெயிண்ட் கருவியோ, அழுத்தத்தில் வேலை செய்யும் எதுவானாலும் தோலில் ஒரு புள்ளி விழுந்தால் வலிக்காகக் காத்திருக்காதீர்கள். பிதுக்கவோ, ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். கையை உயர்த்திப் பிடித்தபடி, கை அறுவை செய்யும் மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். உள்ளே போனது என்ன என்று சொல்ல டப்பாவின் படம் போதும். எனக்கு விவரம் தெரியும்போது மாலையாகிவிட்டது. நன்றாக இருக்கிறேன் என்று நான் நினைத்த அந்தப் பகல் முழுவதும் அது உள்ளே நடந்துகொண்டிருந்தது. இப்போதும் ஒன்றும் நடக்காத மதிய நேரங்களில் நான் கைகளைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

நிறைவு குறைந்துவிட்டது. விரல் இன்னும் முழுதாகப் போகவில்லை. போன வாரம் காய்கறிப் பையை வலது கையில் வைத்துக்கொண்டு, எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் முன்னால் நின்றிருந்தேன். நான்காம் மாடிப் பெண் வந்து என்னருகில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, “லிஃப்ட் வேலை செய்யலையா?” என்று இந்தியில் கேட்டார்.

“வருது. பட்டன் அழுத்திட்டேன்” என்றேன்.

அவர் பட்டனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. ஆனால் அதன் குளிர்ச்சியும் உள்ளே அமுங்கிய அந்தச் சிறு பள்ளமும் இல்லாத அந்த விரல் நுனியில் இன்னும் தெளிவாக இருந்தன. எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தேன் என்று தெரியவில்லை. பையில் கொத்தமல்லி வாடியிருந்தது.