அம்ம நெகட்டிவ், குஞ்ஞு பாசிட்டிவ்

வெள்ளறடை ஆட்டோ ஸ்டாண்டில் எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ராஜதாஸுக்கு ரத்ததாஸ் என்று பெயர் வைத்தது நான்தான். முப்பத்தைந்து வயதுக்குள் இருபத்து மூன்று தடவை ரத்தம் கொடுத்தவன். சபையில் வாலிபர் சங்கம் முகாம் போட்டால் முதல் கட்டில் அவனுக்கு. நெய்யாற்றின்கரைப் பக்கம் எவனாவது பைக்கில் இருந்து விழுந்தான் என்று கேட்டால் ரப்பர் பால் ஒட்டின சட்டையோடு ஓடிவிடுவான். அங்கே தருகிற ஜூஸுக்கும் பிஸ்கட்டுக்கும்தான் போகிறான் என்று ஒரு கதையைக் கட்டிவிட்டதும் நான்தான். அவன் சிரித்தான். ஓ பாசிட்டிவ் என்று எழுதிய அட்டை எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும். ஆதார் கேட்டாலும் முதலில் அதுதான் கையில் வரும்.

அவன் மனைவி ஜெஸ்னா பாறசாலைக்காரி, தையல்காரி. நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பாள். ராஜதாஸ் முழுசையும் நம்புவான்.

இரண்டாவது ஊரடங்கின்போது ஜெஸ்னாவுக்கு முதல் பிரசவம். என் வண்டியில்தான் போனோம். ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி. பெண் குழந்தை. மறுநாள் காலை வராந்தாவில் நானும் ராஜதாஸும் நிற்கிறோம். தலை முதல் கால்வரை மூடின ஒரு நர்ஸ் கதவைப் பாதி திறந்து அவன் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தாள்.

"அம்ம நெகட்டிவ், குஞ்ஞு பாசிட்டிவ். இது வேகம் வாங்ஙிக்கொண்டு வா" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அந்த மாதங்களில் அந்த இரண்டு சொல்லுக்கும் ஊரில் ஒரே அர்த்தம்தான் இருந்தது. பையில் ஓ பாசிட்டிவ் அட்டையை வைத்துக்கொண்டு நின்றவனுக்கே வேறு அர்த்தம் தோன்றவில்லை.

"அண்ணே, எனக்க பிள்ளைக்கு கொரோனாவா?"

சீட்டை நான் வாங்கிப் பார்த்தேன். ஒன்பதாம் கிளாஸ் தோற்றவன் நான். எழுத்து எறும்பு ஊர்ந்தது மாதிரி இருந்தது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை.

"பாசிட்டிவ் ஆன பிள்ளையள தனியாட்டு கொண்டு போவினும் மக்கா. தாய்க்குக்கூட காட்டாம வைப்பினும். நம்ம வெள்ளறடையில ஒருத்தனுக்க பிள்ளைய கொண்டு போனது, இண்ணும் திரும்பி வரேல."

அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் எங்கள் இஷ்டத்துக்குப் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டு ஜெஸ்னாவையும் பிள்ளையையும் கூட்டி வந்துவிட்டான். உள்ளே கூட்டம், பிடித்து வைத்து விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரம் இல்லை. வண்டியில் ஏறும்போது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், இதை யார் சொன்னது என்று. அண்ணனுக்குத் தெரியும் என்றான் அவன். இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டு ஊடுவழியாகக் கொண்டுவந்து சேர்த்தேன்.

மூன்றாம் நாள், வீடு வீடாகப் போய்த் தாய் பிள்ளைகளைப் பார்க்கும் ஆசா ஒர்க்கர் ஸ்ரீகுமாரி ஸ்டாண்டுக்கு வந்தாள். ராஜதாஸின் போன் அணைந்து கிடக்கிறது, ஜெஸ்னாவை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும், வீடு பூட்டிக் கிடக்கிறதே, எங்கே போனார்கள் என்று கேட்டாள். பாறசாலைக்குப் போய்விட்டார்கள் என்று சொன்னேன். அவர்கள் பூட்டின வீட்டுக்குள்தான் இருந்தார்கள்.

குழந்தைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. சோனா என்று பெயர் வைத்தார்கள், உருண்டு திரண்டு வளர்ந்தாள். கொரோனாவை ஏமாற்றின கதை என்று மூன்று வருஷம் ஸ்டாண்டில் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

போன வருஷம் ஜெஸ்னா மறுபடி கர்ப்பம். நெய்யாற்றின்கரையில் காட்டப் போனபோது டாக்டரம்மா ஜெஸ்னாவின் செக்கப் அட்டையைப் பார்த்துவிட்டு, முதல் பிரசவத்துக்குப் பிறகு ஊசி போட்டீர்களா என்று கேட்டார். எந்த ஊசி என்றான் ராஜதாஸ். ஜெஸ்னா சோனாவின் தடுப்பூசிப் புத்தகத்துக்குள்ளிருந்து மடித்த சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். டாக்டரம்மா அதை வாசித்துவிட்டு, இதே ஊசிதான் என்றார்.

அவர் சொன்னதை ராஜதாஸ் வண்டியில் எனக்குச் சொன்னான். ஜெஸ்னாவின் ரத்தம் பி நெகட்டிவ். நம் ஊரில் நூறு பேரில் ஐந்தாறு பேருக்குத்தான் ரத்தம் நெகட்டிவ். அது நோய் இல்லை, அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் குழந்தைக்கு அப்பனுடைய பாசிட்டிவ் ரத்தம் கிடைத்து, பிரசவத்தில் அது கொஞ்சம் தாயின் உடம்பில் கலந்தால், இது அந்நியம் என்று அவள் உடம்பு படித்துவிடும். படிக்கும் முன்னே, மூன்று நாளைக்குள் அந்த ஊசியைப் போடவேண்டும். முதல் பிள்ளை தப்பிவிடும். அடுத்த பிள்ளையும் பாசிட்டிவ் என்றால், தாயின் உடம்பே அதன் ரத்தத்தை அழிக்கும். படித்த பிறகு ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்லை. இப்போது எடுத்த டெஸ்ட்டில் படித்துவிட்டது தெரிகிறது.

"எனக்க ரத்தம்தானே பிள்ளைக்கு எமனாட்டு நிக்குது" என்றான். பின்னால் இருந்த ஜெஸ்னா கண்ணாடியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாம் மாதத்தில் திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தைக்கு ரத்தம் குறைந்துகொண்டே வருகிறது, வயிற்றுக்குள் இருக்கும்போதே ஊசி வழியாக ரத்தம் ஏற்றவேண்டும், ஓ நெகட்டிவ் வேண்டும் என்றார்கள். ராஜதாஸ் கையை நீட்டினானாம். உன்னுடையது ஆகாது என்றுவிட்டார்கள். சங்கத்தில் உள்ளவர்களை எல்லாம் கூப்பிட்டான். ஸ்டாண்டில் உள்ள பதினோரு பேரும் போய் டெஸ்ட் எடுத்தோம். பதினோரு பேரும் பாசிட்டிவ். நான் அங்கே ஒரு தமாஷ் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. ஊரில் அதற்குள் ஜெஸ்னாவுக்கு ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று பேச்சு. இந்தப் பேச்சை மட்டும் நான் கிளப்பவில்லை.

கடைசியில் ரத்தம் அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியலில் இருந்தே கிடைத்தது. முகம் தெரியாத யாரோ ஒருவர். ஐஸ் பெட்டியோடு ஒரு ஆள் எங்களைத் தாண்டி உள்ளே போனான். கொடுத்தவர் யார் என்று ராஜதாஸ் கேட்டான். சொல்லமாட்டோம் என்றார்கள். அவன் கொடுத்த இருபத்து மூன்று பையும் இப்படித்தான் எந்தக் கதவு வழியாகவோ போயிருக்கும். ஏனோ காலையிலேயே சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்து வைத்திருந்தான். அந்தக் கையை யாரும் கேட்கவில்லை.

பெஞ்சில் ரொம்ப நேரம் இருந்தோம்.

"அண்ணே, அண்ணைக்கு ஒருத்தனுக்க பிள்ளைய கொண்டு போனதாட்டு சொன்னியே. அது யாருக்க பிள்ளையாக்கும்?"

வாயில் இரண்டு மூன்று பெயர் வந்தது. எதைச் சொன்னாலும் நம்பியிருப்பான்.

"யாருக்க பிள்ளையும் இல்ல மக்கா. சும்மா சொன்னது."

அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கதவு திறந்து டாக்டர் வந்தார். ஏற்றியாகிவிட்டது, இப்போதைக்கு இதயம் துடிக்கிறது, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஏற்றவேண்டிவரும், அதுவரை எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராஜதாஸ் என் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"அடுத்த தடவைக்கும் வண்டி எடுப்பியா அண்ணே? அவளுக்கு பஸ்ஸில குலுக்கம் ஆவாது."

எடுப்பேன் என்றேன். மடித்த சட்டைக் கையை அவன் அப்போதும் இறக்கவில்லை.