முன் சுவரில் மஞ்சள் குழாய்

துஷாராவுக்கு மாத்தளை டவுனில் நல்ல பெயர் கிடையாது. அவள் வேலைக்கு மட்டும் நல்ல பெயர். இரண்டும் வேறு வேறு என்பது வீடு கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மேசன் பாஸ், தச்சு பாஸ் என்று ஊரில் எத்தனையோ பாஸ்மார் இருக்கிறார்கள். ஒரு பெண் ஸ்பேனரும் கையுமாக வந்து நின்றால் என்னவென்று கூப்பிடுவது? யோசித்து யோசித்து, கடைசியில் 'பாஸக்கா' என்றார்கள். இரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள். தையல் கிளாசுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு டெக்னிக்கல் கொலிஜில் குழாய் வேலை படித்தாள். ஆறு மாதம் கழித்து, எங்கே ஒரு ரவிக்கை தைத்துக் காட்டு என்று அம்மா கேட்டபோதுதான் குட்டு உடைந்தது.

பிறகு பத்து வருஷம் சீகிரியா ஹோட்டல் குசினிகளுக்கு கேஸ் குழாய் போட்டாள். அதில் ஒரு குசினியில் யாரோ மூடாமல் விட்ட வால்விலிருந்து குப்பென்று பற்றிய தீ அவளுடைய இடது புருவத்தைக் கொண்டுபோயிற்று. அது திரும்ப முளைக்கவில்லை. தினமும் காலையில் பென்சிலால் வரைந்துகொள்வாள். சண்டைக்குப் போகும் நாட்களில் மட்டும் வரையமாட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஹாஷிம் ஹாஜியாரின் புதுக் கட்டடத்துக்குப் புருவம் இல்லாமல்தான் போனாள்.

ஹாஜியார் வாசனைத் திரவிய வியாபாரி. மேலே மூன்று மாடிகளில் ஆறு வீடுகள். அதில் ஒன்று மகள் றுஸைனாவுக்கும் அவள் பிள்ளைகளுக்கும். கீழ்த்தளம் முழுக்கச் சரக்கு ஸ்டோர். கராம்பும் ஏலமும் சாதிக்காயும் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கிவிட்டன. மணம் தப்பிவிடக் கூடாதென்று ஜன்னல்களை இறுக அடைத்திருந்தார். கட்டடத்தின் பின்னால் மலைச்சரிவு. கை நுழைய இடமில்லை. ஆகவே கேஸ் சிலிண்டர்களுக்கு வாசலோரம் ஒரு கம்பிக்கூண்டு. அங்கிருந்து ஆறு குசினிகளுக்கும் குழாய் ஏற வேண்டும். துஷாரா வரைந்த படத்தில் அது முன் சுவரில் எல்லாரும் பார்க்க ஏறியது. ஹாஜியாரின் மனதில் அது ஸ்டோருக்குள் புகுந்து, ஒருவர் கண்ணிலும் படாமல் போயிற்று.

"ஏன் புள்ள, இத்தாலிக் கல்லு பதிச்ச சுவரு. அதுல கொழாய ஓட்டினா மொகத்துல நரம்பு பொடச்ச மாதிரி ஈக்கும்" என்றார், ஸ்டோரில் தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

"ஸ்டோருக்குள்ள போடமாட்டேங்க ஹாஜியார். கேஸு காத்த விடக் கனம். கசிஞ்சா தரையோட படுத்துக்கும். ஜன்னலும் அடச்சிட்டீங்க."

"கசிஞ்சா நாறும்தானே? அதுக்குத்தானே அதுல நாத்தத்தச் சேத்து ஈக்கிறாங்க. இது முப்பது வருஷ மூக்கு புள்ள. ஒரு கராம்பத் தா, மோந்து பாத்து இரத்தோட்டையா உக்குவெலையா எண்டு ஊரச் செல்றேன்."

"சர்ட்டிபிகேட்ல கையெழுத்து என்னோடதுங்க. நான் வெக்கமாட்டேன்."

"ஒன்ன விட்டா ஊருல வேற பாஸ் இல்லையா?"

"இருக்காங்க, கூப்பிடுங்க. அதுக்கு முன்னாடி கொஞ்சம் எந்திரிங்க."

ஹாஜியார் எழுந்தார், ஏன் எழுகிறோம் என்று தெரியாமலே. துஷாரா குனிந்து நாற்காலிக்குக் கீழிருந்து ஒரு பத்திரிகைப் பொட்டலத்தை இழுத்துப் பிரித்தாள். ஒரு முழுக் கட்டாக் கருவாடு.

"திங்கக்கிழம அளவெடுக்க வந்தப்ப வெச்சேன். இன்னைக்கி வெள்ளி."

ஹாஜியார் கருவாட்டைப் பார்த்தார். கருவாடும் அவரைப் பார்த்தது. மூட்டை கட்டிக்கொண்டிருந்த பஸ்லிதான் வாயைத் திறந்தான். "அல்லாஹ்! பூன ஒண்டு நாலு நாளா கதவுல நிண்டு கத்தினது இதுக்கா?"

"மேல றுஸைனா புள்ளைங்களோட தூங்கும். கீழ பூனைய நம்பியாங்க இருக்கப் போறீங்க?" என்றாள் துஷாரா.

ஹாஜியார் பொட்டலத்தைக் காலால் தள்ளிவிட்டார். "முன்னாலயே போடு. ஆனா சுவரு கலர்ல பெயிண்ட் அடிக்கோணும்."

"மஞ்சள்ங்க. நாளைக்கி ஒருத்தன் ஆணி அடிக்க வந்தா இது கேஸுன்னு தெரியணும்."

"அத பொறகு பாப்பம்."

நம் ஊரில் 'பொறகு' என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். வேலை முடிந்து, துஷாரா குழாயில் அழுத்தம் ஏற்றி, கசிவில்லை என்று பார்த்துவிட்டுப் போன மறுநாளே குழாய் சந்தன நிறமாகிச் சுவரோடு சுவராய் மறைந்துபோனது.

குடிபுகும் நாளில் பந்தல் போட்டு, விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தாயிற்று. மேலே ஆறு அடுப்பும் பளபளவென்று காத்திருந்தன. பற்றவைத்தால் பற்றவில்லை. கம்பிக்கூண்டில் தலைமை வால்வு பூட்டிக் கிடந்தது. பூட்டும் துஷாராவுடையது, சாவியும் அவள் இடுப்பில். ஆள் அனுப்பினார்கள். வந்தாள், ஏணியோடும் ஒரு டின் மஞ்சள் பெயிண்டோடும். அன்றும் புருவம் இல்லை.

"சாவியத் தா புள்ள! வந்த சனம் ஒரு பிளேன்டீ இல்லாம ஈக்குது!" ஹாஜியார் ஏணியடியில் நின்று பல்லைக் கடித்தார்.

"இன்னும் ஒரு மாடிதாங்க ஹாஜியார். வெயிலு நல்லாருக்கு, சுருக்கா காஞ்சிரும்."

விருந்தாளிகள் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். மேல் ஜன்னலிலிருந்து றுஸைனா தலையை நீட்டினாள். வாப்பாவைப் பார்க்கவில்லை, குழாயைப் பார்த்தாள்.

"பாஸக்கா, இந்த வளைவுக்குப் பொறத்தால மஞ்சள் கொஞ்சம் உட்டுப் பெய்த்து."

துஷாரா பிரஷை டின்னில் தோய்த்துக்கொண்டு இன்னும் ஒரு படி ஏறினாள்.