ஜிஞ்சரும் ஒரு கோடை மழையும்

போன வாரம் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சொல் என்னைப் பிடித்து ஆட்டியது. ஜிஞ்சர்!

நான் வேடிக்கை பார்க்கப் போன இடம், சுக்கு காயவைக்கும் கிடங்கின் முற்றம். தரையே தெரியாமல் சுக்கு. காற்றே காரமாக இருந்தது. முற்றத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் செல்வி. தேனிப் பக்கத்திலிருந்து வந்து பள்ளுருத்தியில் குடியேறியவர். இத்தனை காலம் அடுத்தவர் முற்றத்தில் கூலிவேலை. இதுதான் அவருடைய சொந்த முதல் லோடு. மாலையில் வாங்குபவர் வருகிறார். நனைந்தால் பூசணம்... பூசணம் பிடித்தால் யார் எடுப்பார்கள்?

எல்லாம் தெரிந்தும் என் வாய் நிற்குமா?

"செல்வி, ஜிஞ்சர்ங்கிறது எது தெரியுமா? நம்ம இஞ்சிவேர்! கப்பல் மாறி, மொழி மாறி இங்கிலீஷுக்குப் போயிருக்கு. செம்பட்டை முடிக்காரனும் ஜிஞ்சர். சுறுசுறுப்பும் ஜிஞ்சர். கட்சிக்குள்ளேயே இருந்து தலைமையை உசுப்பிவிட்டா, அது ஜிஞ்சர் குரூப்!"

"உசுப்பறதுக்கும் இஞ்சிக்கும் என்ன சாரே பந்தம்?" சுக்கைப் புரட்டியபடியே கேட்டார் செல்வி.

"குதிரை! சோம்பேறிக் குதிரையை விக்க வர்றவன், அது வாலுக்கடியில ஒரு துண்டு இஞ்சியைச் செருகிடுவானாம். அப்புறம் பாக்கணுமே, வாலைத் தூக்கிட்டு..."

"அய்யோ! அதுக்கு ஆரும் மோரு கொடுத்தில்லே?" என்றார், பக்கத்தில் சுக்கு பொறுக்கிக்கொண்டிருந்த ஆமினா.

முற்றமே சிரித்தது. எனக்கு இன்னும் ஏறிவிட்டது. ஜாக்கிரதையாக நடப்பதை 'ஜிஞ்சர்லி' என்கிறார்களே, அது இந்தக் குடும்பமே இல்லை, பெயரில் மட்டும்தான் ஒட்டு என்று ஆரம்பித்தேன். வில்லிங்டன் தீவுப் பக்கம் வானம் கறுத்ததை யார் பார்த்தது?

"சாரே, எழுந்திரிங்க!" செல்வி கத்தினார்.

உற்சாகம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். "இருங்க, இன்னும் இருக்கு..."

"மழை சாரே! தார்ப்பாய் மேல உக்காந்திருக்கீங்க!"

ஆமாம். வந்ததுமே ஒரு நீல மடிப்பைப் பார்த்து, வசதியான ஆசனம் என்று அமர்ந்துவிட்டேன். விருந்தாளியை எப்படி எழுப்புவது என்று இவ்வளவு நேரம் வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார்கள்!

இங்கே ஒரு வழக்கம் உண்டு. மழை வந்தால் தரகரோ டிரைவரோ, சும்மா வேடிக்கை பார்க்க வந்தவரோ... தார்ப்பாயில் கைக்கு அகப்பட்ட முனையைப் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும். ஓடினேன். செருப்பு ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். விரித்து முடிப்பதற்குள் காற்று என் முனையைப் பிய்த்துத் தூக்கியது.

"உக்காருங்க சாரே! இப்போ உக்காருங்க!"

உட்கார்ந்தேன் — கொட்டுகிற மழையில், தார்ப்பாயின் முனைமேல்.

"இனி பறயு சாரே, ஜிஞ்சர்லி!" எதிர்முனையில் உட்கார்ந்திருந்த ஆமினா, விட்ட இடத்திலிருந்து சொல்லச் சொன்னார்.

மழை விட்டது. ஓரத்தில் கொஞ்சம் நனைந்திருந்தது. செல்வி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைத் தனியே ஒதுக்கினார். அந்தப் பார்வையைவிடக் காரமான இஞ்சி உண்டா?

மாலையில் வாங்குபவர் வந்தார். குவியலுக்கு நடுவே கையை விட்டு ஒரு துண்டை எடுத்து ஒடித்தார். ஈரம் இருந்தால் வளையும். காய்ந்திருந்தால் சத்தம் கேட்கும்.

டக்!

"கேற்றிக்கோ," என்று லாரியைக் காட்டினார்.

ஆகா... கிரேக்கமும் லத்தீனும் சேர்ந்தாலும் அந்த 'டக்'குக்கு ஈடாகுமா? செல்வி ஆமினாவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த தரம் கண்டிப்பா வாங்க சாரே. முதல் வேலையா ஒரு நாற்காலி வாங்கிப் போடறேன்!"