இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய மைக்

குடவாசலில் மைக் செட் வாடகைக்கு விடுபவர் எங்களுக்குத் தர முடியாது என்று சொன்ன அன்று, நானே ஒன்றைச் செய்வது என்று முடிவு செய்தேன். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் நிலத்துக்காரர் வீட்டு விசேஷங்களில்தான் அவர் பிழைப்பு ஓடியது.

அந்த நிலத்துக்காரரிடம் எங்கள் குடும்பம் இரண்டு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதுவந்தது. அப்பா இறந்த பிறகு அம்மாதான் உழவைப் பார்த்தாள். அந்தப் புரட்டாசியில் அவர் குத்தகை முடிந்துவிட்டது என்றார். நாங்கள் நட்டு விளைந்து நின்ற குறுவையை வெளியூர் ஆட்களை வைத்து அறுக்கப்போவதாகவும் சொல்லி அனுப்பினார். குத்தகையைப் பதிவு செய்யக் கேட்டு தாலுகா ஆபீசில் அம்மா கொடுத்த மனு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. அதற்குள் பயிர் போய்விட்டால் நாங்கள் உழுதோம் என்பதற்கு எதைக் காட்டுவது?

வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொன்னால் அறுக்கமாட்டார்கள் என்று அம்மா நம்பினாள். ஆனால் வயல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். நிலத்துக்காரரின் ஆட்கள் எங்களைத் தாண்ட விடமாட்டார்கள். இங்கிருந்து கத்தினால் டிராக்டர் சத்தத்தில் கேட்காது.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருடம். விடுமுறையில் வந்திருந்தேன். சேர்த்த சாமான்கள்: பழைய டெலிபோன் ரிசீவரில் இருந்த கார்பன் மைக், செத்துப்போன ஆம்ப்ளிஃபயர் ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு பெரிய டிரான்சிஸ்டர், தேர்தலுக்குப் பிறகு யாரும் கேட்டு வராத நசுங்கிய கூம்பு ஸ்பீக்கர், வாடகைக் கார் ஓட்டும் சொந்தக்காரரின் பேட்டரி. டிரான்சிஸ்டரின் சூட்டை வாங்கிக்கொள்ள ஓர் அலுமினியத் தட்டு. தட்டைத் தரும்போது, “சோறு திங்கிற தட்டுடி” என்றாள் அம்மா.

கார்பன் மைக் என்பது ஒரு டப்பியில் அடைத்த கரித்தூள். பேசினால் காற்று அதை அமுக்கும். அமுங்கினால் மின்சாரம் கூடும், விட்டால் குறையும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனால் நான் இருமியது கூம்பு வழியே வெளியே போய், தெருக்கோடித் தென்னையிலிருந்த காக்கைகள் மொத்தமும் எழும்பியபோது மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடுப்புக் கரியின் சாதி. அதற்கு இவ்வளவு காது!

சித்தி மைக்கைப் பிடுங்கினாள். “எங் கோழியப் புடிச்சவங்க மரியாதையா விட்ருங்க! யாருன்னு எனக்குத் தெரியும்!”

ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழுந்தது. அடுத்து அம்மா பேசினாள். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு முனகல்தான் வந்தது.

வரிசையாகப் பார்த்தேன். பேட்டரி சரி. பற்றவைத்த இடங்கள் சரி. கரித்தூள் கட்டிக்கொண்டதோ என்று மைக்கைத் தட்டினேன். கூம்பைக் கழற்றி மாட்டினேன். நான் பேசினால் சரி, சித்தி பேசினால் சரி. அம்மா பேசினால் மட்டும் முனகல். ஒரு மணி நேரம் சர்க்யூட்டையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவள் எதற்கோ நிமிர்ந்தேன். அம்மா வலது கையில் மைக்கைப் பிடித்து, இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

ஆண்டை என்று கூப்பிடும் நிலத்துக்காரர் முன்னால் எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள்.

“அம்மா, கைய எடு.”

“எந்தக் கைய?”

“சரியாப் போச்சு” என்று சித்தி சிரித்தாள். “ஆண்ட இல்லாத எடத்துலயும் ஒங்கம்மாவுக்கு ஆண்ட நிக்கிறாருடி!”

அம்மா கையை எடுத்தாள். இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் அது திரும்பிவந்தது. சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. ஒரு மரத்துண்டில் காலிங்பெல் பொத்தானைப் பதித்து, நீளமான ஒயரில் மைக்கோடு சேர்த்தேன். இடது கையால் அதை அமுக்கிக்கொண்டிருந்தால்தான் மைக் வேலை செய்யும்.

மறுநாள் காலை டிராக்டர் பெட்டியில் முப்பது பெண்கள் வந்து இறங்கினார்கள். நிலத்துக்காரரின் காரியக்காரர் வரப்பில் குடையோடு நின்றார். அம்மா கரையில் ஏறிப் பொத்தானை அமுக்கினாள்.

“தாயிங்களா, இது நாங்க நட்ட பயிரு. கேசு கெடக்குது. அருவா வைக்காதீங்க.”

காரியக்காரர், “ஏய், என்ன அங்க?” என்று அதட்டினார். அம்மாவின் இடது கை மேலே எழும்பியது. மரத்துண்டும் கூடவே வந்தது, வாயைப் பொத்த முடியவில்லை. கட்டைவிரல் மட்டும் பொத்தானை விட்டு நகரவில்லை.

“ஒங்களுக்குந்தான் சொல்றேங்க ஐயா. நாத்து விட்டது நானு. களை எடுத்தது நானு.”

அந்தக் குரல் வாய்க்காலைத் தாண்டி, கதிர்களின் மேலாகப் போய், தூரத்துப் பம்புசெட் கொட்டகைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அம்மா பேச்சை நிறுத்திவிட்டு அதைக் கேட்டாள். நானும் கேட்டேன். கரித்தூள் செய்கிற வேலை எனக்குத் தெரியும், ஒவ்வொரு கட்டமாகச் சொல்வேன். அப்படியும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பக்கத்துப் பெண்கள் தங்களுக்குள் பேசினார்கள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர்களில் ஒருத்தி சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி வாய்க்காலில் இறங்கினாள். கரையேறி, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

“இத எங்க அமுக்கணும் தங்கச்சி?”

காட்டினேன். அவள் கூம்பை அண்ணாந்து பார்த்துவிட்டு, எதிர்க்கரையைப் பார்த்துப் பேசினாள்.

“காரியக்காரரே, இத நீங்க எங்களுக்குச் சொல்லல. அடுத்தவ நட்டத நாங்க அறுக்க மாட்டோம். வண்டிய எடுக்கச் சொல்லுங்க, வீட்டுக்குப் போறோம்.”

பெண்கள் ஒவ்வொருவராகப் பெட்டியில் ஏற ஆரம்பித்தார்கள். இவள் மட்டும் மைக்கைத் திருப்பிக் கொடுக்காமல், “ஏ, எனக்கு எடம் போட்டு வைங்கடி!” என்று அதிலேயே கத்தினாள்.