ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்த கதை

எனக்கு ஐம்பது வயது. மாமல்லபுரத்தில் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். கடும் காய்ச்சல் விட்ட ஒரு வாரத்தில் நெஞ்சில் குத்தல் வந்தது. சாய்ந்தால் உயிர் போனது. ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்தால் குறைந்தது. ‘குனிந்தால் குறைகிறதே, அப்படியானால் வாயுதான்’ என்று நானே முடிவு கட்டினேன். இரண்டு கோலி சோடா குடித்துவிட்டு, திருவிடந்தைக்கு ஒரு சவாரியும் போய்வந்தேன்.

ஸ்டாண்டில் சக ஓட்டுநர் பாஷா எட்டிப் பார்த்தான். “இன்னா அண்ணாத்த, ஸ்டீயரிங்க கட்டிப் புடிச்சிகினு கீற? வூட்ல சண்டையா?”

“வாயுடா. ஹார்ட் அட்டாக்குன்னா குனிஞ்சா வுடுமா?”

“நீ இன்னா டாக்டரா? சாவிய குடு, எறங்கு!”

பாஷா வேனை ஓட்ட, செங்கல்பட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை, தெரிந்த சாமிக்கெல்லாம் மொட்டை நேர்ந்துகொண்டேன். என் தலையில் முடியே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் பார்த்த டாக்டர், “மாரடைப்பு இல்லை. காய்ச்சலுக்குப் பிறகு இதயத்தைச் சுற்றியிருக்கிற உறை வீங்கியிருக்கு. அதனாலதான் குனிஞ்சா வலி குறையுது” என்றார். சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை.

“அப்ப வாயு இல்லியா சார்?”

“இல்லை. கவனிக்காம விட்டிருந்தா உறைக்குள்ள நீர் கோத்து இதயத்தையே அழுத்தியிருக்கும்.”

மாத்திரையும் ஓய்வுமாகத் தேறினேன். உறை எப்படி வீங்கும் என்பது இன்றும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. ஆனால் நெஞ்சில் சுருக்கென்றால் இப்போது சோடாவைத் தேடுவதில்லை, பாஷாவைக் கூப்பிடுகிறேன். போன வாரமும் கூப்பிட்டேன். அது நிஜமாகவே வாயு. திரும்பும் வழியெல்லாம் திட்டினான். ஈசிஜி சரியாக இருந்ததால், நிம்மதியாகக் கேட்டுக்கொண்டு வந்தேன்.